காலி வண்டியின் எடை

ராத்திரி ஒன்பதரைக்குக் கதவைத் தட்டி
ஹவுஸ் ஓனர் தனகோட்டி கேட்டது
வாடகை இல்லை.
இருபது ரூபாய்ப் பத்திரம் ஒன்று,
மேலே முத்திரை, கீழே முழுக்க வெள்ளை.
"சொம்மா ஒரு கையெழுத்தும்மா.
மேட்டரை அப்பால டைப் அடிச்சுக்கறேன்."
கையெழுத்து விழவேண்டிய இடத்தில்
கட்டைவிரலை எடுக்காமல் வைத்திருந்தார்.
விரலைச் சுற்றி ஒரு வேர்வை வட்டம்.

காலடிப்பேட்டை, மூன்றாம் சந்து, மாடி போர்ஷன்.
எட்டாயிரத்து ஐந்நூறு. அட்வான்ஸ் அறுபது.
காலையில் இருபது நிமிஷம் மோட்டார்.
கரண்ட் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்.
ஏன் ஒன்பது என்று கேட்டவர்கள்
எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள்.

இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார்.
சித்திரையில்,
"எவனாச்சும் கேட்டா என் மச்சினிச்சி பொண்ணுன்னு சொல்லு."
நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.
அவர் நெற்றியில் பட்டை விபூதி,
என் கழுத்தில் சிலுவை.
ஆடியில்,
ஒரு வாரம் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது,
மாடியில் ஆள் இருப்பது தெரியக் கூடாது.
ஃபேனுக்கு அடியில் கொடி கட்டினேன்.
ஏழு ராத்திரி
ஈரப் பாவாடைகள் தலைக்கு மேல் ஆடத் தூங்கினேன்.
இப்போது ஐப்பசி.
ஆள் இருப்பது
முத்திரையோடு தெரியவேண்டுமாம்.

நான் எண்ணூர் ரோட்டில்
எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள்.
காலி வண்டியின் எடையை எழுதாமல்
சரக்கு எடையில் கையெழுத்துப் போட்டால்
நடுவில் இருக்கும் இரண்டு டன்
யாருடையதோ ஆகிவிடும்.
டிரைவர்கள் டீ வாங்கித் தருவார்கள்.
"காலி எடை தெரிஞ்சதுதானக்கா, போட்டுக்கோ."
டீயைக் குடித்துவிட்டு
வண்டியை மேடையில் ஏற்றச் சொல்வேன்.

"உக்காருங்கண்ணே" என்றேன்.
சொந்த வீட்டில் நின்றுகொண்டே இருந்தார்.
"இன்னா எழுதணும்னு சொல்லுங்க, நானே எழுதறேன்."
ஜன்னலில் மணலிப் பக்கத்து நெருப்பு
உயரமாக எரிந்துகொண்டிருந்தது.
அதைப் பார்த்தபடி சொன்னார்.
தம்பி முனிரத்தினம் கேசு போட்டிருக்கிறான்.
பாதி வீடு அவனுக்காம்.
கல்யாணம் பண்ணி வைத்த கடனைக்கூட
இவர்தான் கட்டினாராம்.
"பன்னெண்டு வருஷமா நீதான் மாடில இருக்கேன்னு
ஒரு வார்த்த..."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்
வியாசர்பாடியில் ஒன்பதாம் வகுப்பு,
கணக்கில் பதினேழு மார்க்.

பேனாவை எடுத்தேன்.
அவர் தோள் இறங்கியது.

'போன தை மாதம் முதல் இங்கே குடியிருக்கிறேன்.
வாடகை மாதாமாதம் தனகோட்டி கையில் கொடுத்தேன்.
ரசீது தரவில்லை.
மழை பெய்தால் வடக்குச் சுவர் ஊறுகிறது.
எனக்கு முன் யார் இருந்தார்கள், தெரியாது.'

கடைசி எழுத்தை ஒட்டிக் கையெழுத்து,
ஜோ. சகாய மெர்லின்.
மிச்ச வெள்ளைக்கு
மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு.

இரண்டு தடவை படித்தார்.
"பத்திரத்த வேஸ்ட் பண்ணிட்டியேம்மா."
கிழிக்கவில்லை.
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.
அவ்வளவு மெதுவாக அவர் இறங்கி
நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் மோட்டார் ஓடவில்லை.
தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து
குடம் குடமாக மாடி ஏறினேன்.
பக்கத்து போர்ஷன் இந்திராணி
"போட்டுத் தொலச்சிருக்கலாம்ல" என்றாள்.
அவளிடமும் ஒன்று வாங்கியிருக்கிறாராம்,
மூன்று வருஷத்துக்கு முன்னால்.
அதில் என்ன டைப் அடித்தார் என்று
அவளுக்கு இன்னும் தெரியாது.

மூன்றாம் நாள் காலை
குழாயில் முதலில் காற்று இருமியது,
பிறகு தண்ணீர்.
கதவுக்கு அடியில் நோட்டுக் காகிதம் ஒன்று.
'வாடகை ரூ. 8,500 பெற்றுக்கொண்டேன்.'
கீழே அவர் கையெழுத்து, கோணல்மாணலாக.

தேதி எழுதவேண்டிய இடம் மட்டும் காலி.

வாளி நிரம்பட்டும் என்று விட்டுவிட்டு
பேனாவோடு கீழே இறங்கினேன்.