கறுப்பு ஒயர்

ஃபர்வானியா. ஏழாம் மாடி. ஆகஸ்ட்.
கட்டிலுக்குப் பின்னால் ப்ளக் செத்து மூன்று நாள்.
'புக்ரா' என்கிறான் ஹாரிஸ்,
முந்தாநாள் சொன்ன அதே புக்ரா.

நைட் டியூட்டி முடிந்து வந்த கையோடு
கட்டிலை இழுத்துப் போட்டேன்.
ஜெபமலர் டார்ச் பிடித்தாள்,
ஒரு கால் வாசலுக்கு வெளியே.

ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது.
ஃபேனை அடுக்களையில் செருகினால் சுற்றியது.
மேல் ஓட்டையைப் பேனாவால் அழுத்திக்கொண்டு
வலப்பக்கம் டெஸ்டரை விட்டேன்:
மிளகாய் விதையளவு வெளிச்சம்.

"கரண்ட் இருக்குல்ல, அப்புறம் என்ன கேடு?"

மெயினை இறக்கினேன்.
ஏ.சி. பெருமூச்சு விட்டு அடங்க
அடுத்த அறையில் யாரோ மலையாளத்தில் வைதார்கள்.
இரண்டு ஸ்க்ரூ.
உள்ளே பழைய சுண்ணாம்பு, கரப்பான் சிறகு,
பிடி நழுவிக் கருகிய
கறுப்பு ஒயர்.

"வர்றது ஒழுங்கா வருது.
திரும்பிப் போறதுதான் கழண்டிருக்கு."

டார்ச் வெளிச்சம் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது.
அவள் பாஸ்போர்ட் கஃபீலின் மேசை அறையில்,
பதினாலு மாதமாய்.
நான் ஒயரைத்தான் சொன்னேன்.
"வெளிச்சம் காட்டு மலர்" என்றேன்.
காட்டினாள்.

கருகலை வெட்டி, செம்பு தெரியச் சீவி
சொருகி முறுக்கி, இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

மெயின் ஏறியதும்
ஃபேனுக்கு முன்னால் தன் போனைச் செருகினாள்.
இரண்டு சதவீதம் வரும்வரை நின்று
கஃபீலுக்கு அடித்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது.
மிஞ்சிய இன்சுலேஷன் டேப்பைப்
பல்லால் கடித்து அறுத்தேன்.