நீலம் வெளுக்கும் நேரம்

ஓணத்துக்கு நான்கு நாள்.
மீனாட்சிபுரம் சோதனைச்சாவடி.
ஏழு மணிக்கு எடுத்த மாதிரியில்
மெத்திலீன் நீலம் நண்பகல் வரை அசையவில்லை.
நல்ல பால் என்று மலையாளத்தில் எழுதிக்
கையெழுத்திட்டேன்.
வெள்ளியங்கிரியின் அனுமதிச் சீட்டில்
ஒரு முத்திரை குறைவு.
வண்டி வெயிலில் நின்றது.
கேன்களைச் சுற்றியிருந்த பனிக்கட்டி
தார்ச்சாலையில் ஒழுகிக் காய்ந்தது.

நாலு மணிக்கு இன்னொரு மாதிரி.
இருபதே நிமிடம்,
குழாயில் நீலம் இல்லை.

பாலில் புரதம் மலையாய்க் கிடக்கிறது;
தின்ன வாயில்லை அதற்கு.
வெளியிலேயே அறுத்துத் துண்டாக்கி
வாசல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.
சுவரோ ஈரடுக்குக் கொழுப்பு.
சட்டியெண்ணெயில் தெறித்த நீர்போல
அமினோ அமிலம் அதில் கரையாது.

சவ்வுக்கு வெளியே ஒரு புரதம்
குளூட்டமினைக் கைக்குள் பொத்திப் பிடிக்கும்.
கதவு அந்தப் பிடியைத் தடவிப் பார்க்கும்.
ஏடிபி உடையும்.
வெளிப்பக்கம் மூடிய பிறகே
உள்பக்கம் திறக்கும்.
இரண்டும் சேர்ந்து திறந்தால்
உயிர் ஒழுகிப்போகும்.

ஏடிபி செலவில்லாத கதவும் உண்டு:
வெளியே நெரிபடும் புரோட்டான்
உள்ளே சாயும்போது
லியூசினின் தோளில் கைபோட்டு
இழுத்துக்கொண்டே விழும்.

எனக்குப் பிடித்தது ஆர்ஜினின் வாசல்.
ஒரு ஆர்ஜினின் உள்ளே,
ஒரு ஆர்னிதின் வெளியே.
சில்லறைப் பாக்கி இல்லை,
முத்திரை இல்லை.

நாலரைக்கு முத்திரை வந்தது.
"காலைல நல்லாத்தானுங்க இருந்துச்சு?"
வெளுத்த குழாயைக் காட்டினேன்.
சவ்வுக்கு எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை,
இந்தப் பக்கத்துச் சொல்லும்
அந்தப் பக்கத்துச் சொல்லும்.
"கதவெல்லாம் தொறந்துருச்சுங்ணா."
அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.
தடுப்புக்கட்டை இறங்கியேதான் கிடந்தது.
"எங்கீங்க?"

போகும்போது ஒரு சொம்பை நீட்டினார்,
உறைக்கு ஆகும் என்று.
வாங்கக் கூடாது, விதி.
வண்டியைத் திருப்பினார்.
திரும்பிப் போகும் வண்டியிடம்
யாரும் காகிதம் கேட்கவில்லை.

குழாய்களைக் குக்கரில் அடுக்கி
மூடியைத் திருகினேன்.
நூற்றிருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
ஆறு பத்துக்குப் பொள்ளாச்சி பஸ்.
விரல்நுனியில் மட்டும்
இன்னும் கொஞ்சம் நீலம்.