அக்காவா, தங்கையா

ஜாலான் புசாரில் நான்காம் மாடி.
குளிர்சாதனம் பதினெட்டில் நின்றது,
அதைக் கூட்டத் தெரிந்த ஆள் விடுப்பில்.
மணிக்கு எண்பது வெள்ளி பேசி
இரண்டு ஊர்களுக்கு நடுவே
என்னை உட்காரவைத்தார்கள்.

இடப்பக்கம் கீழச்சேவலூர் நகரமன்றம், ஆறு பேர்.
விமானத்தில் தூங்காத கண்கள்,
கோட்டு நான்கு, கஞ்சி போட்ட வேட்டி ஒன்று,
பலகாரக் கம்பெனி உமையாளின் மடியில்
ஒரு கட்டைப்பை.
வலப்பக்கம் வர்த்தகச் சங்கம்.
பிஸ்கட்டும் பருப்பும் மொத்தமாக இறக்கும்
தலைவர் கோ தெக் ஹுவாட்
பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி.

ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.
ஆங்கிலத்தில் வழுவழுவென்று இருந்தது அந்தச் சொல்,
வயது கேட்காத உறவு.
சகோதரி நகரங்கள் என்றேன்.
"மைக் பிடிச்சுப் பேசற மாதிரி இருக்கே"
என்றார் தலைவர் பூவலிங்கம்.
"வீட்ல யாரும்மா சகோதரின்னு கூப்பிடறா?
அக்காவா, தங்கச்சியா,
அதைச் சொல்லுங்க."

கீழச்சேவலூர்க் கோபுரத்துக்கு வயது எழுநூறு.
ஆகவே அக்கா.
ஆனால் கப்பலும் காசும் இங்கே,
ஆகவே என்று ஆரம்பித்த துணைத் தலைவர்
பூவலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத்
தண்ணீர் குடித்தார்.

இதையும் மொழிபெயர்த்தேன்.
கூலிக்குப் பேசுகிறவள் எதையும் விழுங்கக்கூடாது.
கோ சிரித்தார்.
"ஹொக்கியனிலும் இதே வம்புதான்.
தங்கை என்றால் சியோ முவாய்.
அக்கா என்றால் ஆச்சி."

காலையிலிருந்து வாய் திறக்காத உமையாள்
நிமிர்ந்தாள்.
"எங்க வீட்லயும் அக்காவை
ஆச்சின்னுதான் கூப்பிடறது."

அவர் அவளைப் பார்த்தார்.
அவள் அவரைப் பார்த்தாள்.
நான்கு விநாடி எனக்கு வேலையே இல்லை.
கணக்கில் அதைக் கழிக்கவில்லை.

கட்டைப்பை திறந்தது.
தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு.
கோ வாயில் போடுமுன்
பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் படித்தார்.
நான்கு மாதம் போதாது, ஆறாவது வேண்டும்.
பணம் தொண்ணூறு நாளில்.

"முப்பது."

"ஆச்சி, தொண்ணூறு."

"தாயும் பிள்ளையுமானாலும்
வாயும் வயிறும் வேறு."

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது.
தாயைச் சொல்லி, பிள்ளையைச் சொல்லி,
வாய்க்கும் வயிற்றுக்கும் வந்து சேர்வதற்குள்
அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
"எங்கள் பக்கம் வேறு மாதிரி சொல்வோம்.
கூடப்பிறந்த அண்ணன் தம்பியானாலும்
கணக்கு கணக்குதான்."

நாற்பத்தைந்தில் நின்றது.
சோதனைக்கு இருபதடிக் கொள்கலன் ஒன்று.
பூவலிங்கத்தின் நட்புரை, மூன்று பக்கம்,
சட்டைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை.

தமிழ்ப் பக்கத்தில் கடைசியாக
உடன்பிறந்த ஊர்கள் என்று தட்டினேன்.
யார் முதலில் பிறந்தது என்று
அந்தச் சொல் கேட்பதில்லை.
எல்லாரும் கையெழுத்திட்டார்கள்.

எனக்கும் ஓர் அக்கா உண்டு, ஜோகூரில்.
நடுவில் ஒரு பாலம்,
நடந்தால் கால் மணி நேரம்.
எண்ணூறு வெள்ளி.
நான் கொடுத்ததா, அவள் கொடுத்ததா என்பதில்
மூன்று வருஷமாக இரண்டு கணக்கு.
எங்களுக்கு நடுவே உட்கார
யாரும் மணிக்கூலிக்கு வரவில்லை.

குவீன் ஸ்திரீட்டில் 170 வந்து நின்றது.
ஏறவில்லை.
அடுத்ததும் வந்தது.
உமையாள் கையில் திணித்த
சீப்புச்சீடைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.