ஒரு கேத்தில், ஒரு வாளி

செபமாலையில் மூன்றாம் பத்தைத் தாண்டியதில்லை,
கலட்டியில் இந்த அறைக்கு வந்த பிறகு.
நித்திரை முந்திவிடும்.
மிச்சத்தை மாதா பார்த்துக்கொள்வா என்று
நம்புகிறேன்.
சோம்பலுக்கு நல்ல பெயர்தான், தெரியும்.

புள்ளிவிபரவியலில் முப்பத்தெட்டு.
அம்மாவிடம் "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.
மறுநாள் விரிவுரையில் கையை உயர்த்தி
"விளங்கேல்ல சேர்" என்றபோது
பின்வரிசைப் பெடியள் சிரித்தாங்கள்.
பின்னேரம் அவங்களில் இரண்டு பேர்
என் கொப்பியைக் கேட்டு வந்தாங்கள்.
வளர்வதென்றால் இதுதான் போல,
காது சிவக்கச் சிவக்க.

கெகிராவை இமல்ஷா, டயகம யோகதர்ஷினி, பேசாலை நான்.
ஒரு கேத்தில், ஒரு வாளி,
பிரேக் பிடிக்காத ஒரு சைக்கிள்.
சண்டையெல்லாம் வாளிக்குத்தான்.

சோதனையன்று விடிய கரண்ட் இல்லை.
போன்கள் செத்துக் கிடந்தன.
வளாகத்துக் கோயில் மணி கேட்டு
யோகதர்ஷினி எழும்பி என்னை உலுக்க,
நான் இமல்ஷாவை உலுக்கினேன்.
"நெகிட்டின்ன."
எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொற்களில் ஒன்று.

கண் திறக்காமலே கைகூப்பினாள்.
எந்தத் திசைக்கென்று கேட்கவில்லை.
நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சைக்கிளில் மூன்று பேர் ஏற ஏலாது.
பைகளைக் கரியரில் கட்டி
தள்ளிக்கொண்டே நடந்தோம்.