பன்னிரண்டு கிராம்

போயாவுக்கு முதல்நாள், வெள்ளவத்தைச் சந்தை.
மக்கீனின் தராசு
வெறுந்தட்டோடு பன்னிரண்டு கிராம் என்றது.

தட்டைக் கழற்றினேன். அடியில்
காய்ந்து கறுத்த கொழுப்பு, ஓர் எலும்புச் சில்லு.
ஏதோ ஓர் ஆட்டின் மீதி
எத்தனை நாளாகவோ
எல்லாருடைய கணக்கிலும் ஏறியிருக்கிறது.
"அல்லாஹ்வே, எனக்குத் தெரியாது சேர்!"
உண்மையாகவே வெளிறிப்போனான்.
பின்னால் கொக்கியில் தொங்கிய தொடைக்கு
ஒருநாளும் வெளிறாத முகம்.

நான் அதற்கு வரவில்லை. என் வேலை நிறுவை.
சுரண்டித் துடைத்து
இடுக்கியால் எஃகுக் கல்லை எடுத்து வைத்தேன்.
வெறுங்கை படக்கூடாது அதில்;
விரலின் எண்ணெய்கூட எடை கூட்டும்.
ஒரு கிலோ. சரி.
முத்திரை குத்தினேன்.
பிறகு அதே தராசில் முக்கால் கிலோ
எனக்கென்று வெட்டச் சொன்னேன்,
கொழுப்பில்லாமல்.

மறுநாள் பால்மா வாங்கப் போனால்
சுப்பர்மார்க்கெட்டின் இறைச்சிப் பெட்டிமேல்
வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள்,
செத்தவீட்டில் போல.
உள்ளே கோழிகள், முந்தாநாள் செத்தவை.
முழுநிலாவில் பாவம்;
விடிந்து எட்டரைக்குப் பத்து வீதக் கழிவு.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

என் கல்லைச் சரிபார்க்க அலுவலகத்தில் ஒரு கல்.
அதைச் சரிபார்க்கக் கடலுக்கு அப்பால் இன்னொன்று.
எல்லாவற்றுக்கும் மூத்த கல்லுக்கு
இப்போது ஓய்வு கொடுத்துவிட்டார்கள்;
கிலோ என்பது இனி ஓர் எண்தான்,
எந்த விரலும் அழுக்காக்க முடியாத எண்.
கொல்லாதே என்பதற்கும்
அப்படி ஒன்று எங்காவது இருக்குமோ?
யாரும் கைதூக்கி நிறைவேற்றாதது,
நாட்காட்டி பாராதது?
இருந்தால் அது
ஆட்டின் பக்கம்தான் நிற்கும்.
இதை வாதாடி அறியவில்லை,
குக்கர் மூன்றாம் முறை கூவியபோது அறிந்தேன்.

யன்னல்களைச் சாத்தினேன்.
சட்டம் விற்பதைத்தான் தடுக்கிறது, தின்பதையல்ல.
எனக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, விரதமும் இல்லை.
பிறகு ஏன் சாத்தினேன்?

கறுவாவுக்குச் சாத்திய யன்னல் தெரியுமா,
படிக்கட்டால் ஏறிப் போயிற்று.
சில் எடுத்து, வெள்ளை உடுத்து,
பன்சலையால் திரும்பிய மேல்மாடிச் சோமலதா
என் கதவடியில் ஒரு கணம் நின்றாள்.
நல்ல வாசம் என்றாள், சிங்களத்தில்.
குத்தல் இல்லை அதில்.
மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடாத பசி மட்டும்.
அதை நிறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
நகக்கண்ணில் குழம்பு.
மேசையின் மறுமுனையில் கற்பெட்டி,
நீல வெல்வெற்றுக்குள் அந்த ஒரு கிலோ.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
இன்னொருதரமும் கழுவினேன்.