கோட்கா, நவம்பர்

வரிப் பதிவேட்டைத் திறந்துவிடும் நாள்.
யார் எவ்வளவு ஈட்டினார் என்று
யாரும் கேட்கலாம் இங்கே.

காகித ஆலைச் சாப்பாட்டு அறையில்
மேசை மேசையாகப் போகிறது செய்தித்தாள்.
தலைமை அதிகாரி லின்ட்க்விஸ்ட்:
முப்பத்தொரு லட்சம் யூரோ.
யாரோ சீட்டியடித்தார்.
"நம் காபிக்கு மட்டும் காசு கேட்கிறார்கள்."
சிரித்தோம்.
நிலவுக்கு எத்தனை காதம் என்று கேட்டால்
கால் வலிக்குமா என்ன?

ஷிப்ட் முடிந்து
காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
வரி அலுவலகத்தை அழைத்தேன்.
ஒரே ஒரு பெயர்.
இல்போ ஹார்யு.
பதினான்கு வருடமாக என் இடப்பக்கம்,
அதே உருளை, அதே இரைச்சல்.
அவருக்கு வேலை பழக்கியவளே நான்.

குரல் எண்ணை வாசித்தது.
என்னுடையதைவிட நாலாயிரத்து அறுநூறு கூட.
"வேறு யாராவது?" என்றது, பணிவாக.

வைப்பர் ஈரப்பனியைத் தள்ளத் தள்ள
வகுத்துப் பார்த்தேன்.
வேலைநாள் ஒன்றுக்கு இருபது யூரோ.
இந்த வருடம் மட்டுமா, பதினான்கும் அப்படியா?
இது நிலவில்லை.
கை நீட்டினால் இடிக்கும் தோள்.

மறுநாள் நான் வாய் திறக்கவில்லை.
அவர்தான் காதடைப்பானை ஒரு பக்கம் தூக்கி,
"நானும் அழைத்தேன், மார்கெத்தா.
உன் பெயரைக் கேட்டேன்."
காதுவரை சிவந்திருந்தார்.
நான்காக மடித்த சம்பளச் சீட்டு,
கிரீஸ் விரலடையாளத்தோடு.
"சங்கத்தில் காட்டு.
என் பெயரை அடிக்காதே."

வாங்கிக்கொண்டேன்.
நன்றி வரவில்லை நாக்குக்கு.
உருளை சுற்றியது,
கிலோமீட்டர் கணக்கில் வெற்றுத் தாள்.

அன்றைக்கும்
அவருக்கு இருபது யூரோ கூடத்தான்.