ஆறு நிமிடம் நாற்பதாவது நொடி

ராத்திரி ஒன்றேகாலுக்கு
காங்கயம் ரோட்டு பேக்கரியில்
மூன்று டீயை நாலாகப் பிரித்துக்கொண்டு
அதே சண்டையைத் தொடங்குகிறோம்.

ஸ்டுடியோவில் பதிந்ததுதான் பாட்டு என்கிறான்
பிரிண்டிங் நாச்சிமுத்து.
நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி.
ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
"மேடையில பதினோரு நிமிசமுங்க.
அதுல பாதி, சனம் கத்தறது.
அதுக்கெதுக்கு நாம செவியக் குடுக்கோணும்?"

சிகாமணி நிட்டிங் மெக்கானிக்.
வெளியே வந்த பிறகும் அவன் காதுக்குள்
மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும்,
அதனால் பக்கத்தில் இருப்பவனிடமும் கத்தித்தான் பேசுவான்.

பாட்டுக்கு ஐம்பது வயது.
எங்களில் யாருக்கும் அத்தனை இல்லை.
அந்த இங்கிலீஷில்
பாலம், மழை, போகாதே
இந்த மூன்றுதான் பிடிபட்டது.
மீதியை ஆளாளுக்கு நிரப்பிக்கொண்டோம்.

மேடைப் பாட்டில் ஆறு நிமிடம் நாற்பதாவது நொடியில்
கிட்டாரில் ஒரு கம்பி அறுகிறது.
டிரம் மட்டும்
கல்யாண மண்டபத்து வாசலில்
செருப்பைத் தேடுகிறவன் போல
அங்கேயே சுற்றுகிறது.
அப்போதுதான் சனம் எடுத்துப் பாடுகிறது.
எந்த ஊர்ச் சனமோ.
சுருதி கிடையாது.
எவனோ ஒருத்தன்
ஒரு வரி முன்னாலேயே போய்விடுகிறான்.

"ஊசி ஒடஞ்சா மிஷின் நிக்கோணுமா இல்லியா?"
சிகாமணியை அவன் தொழிலை வைத்தே
மடக்கப் பார்த்தான் நாச்சிமுத்து.
"நிக்கலீன்னா ரோல் முழுக்கக் கோடு."
"நிக்கலியே! அதத்தானே நாஞ் சொல்றேன்!"
போட்ட சத்தத்தில் பேக்கரி நாய் எழுந்து
அக்கட்டால போய்ப் படுத்தது.

ஹாஜிரா செக்கிங்.
பழுது கண்ட இடத்தில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.
"அந்த எடத்துல நான் ஸ்டிக்கர் ஒட்டுவேன்" என்றாள்.
ஜெயித்தவன் போல் டம்ளரை வைத்தான் நாச்சிமுத்து.
"ஒட்டிட்டா பொறவு தேட வேண்டியதில்ல பாருங்க.
நேரா அங்க போயிரலாம்."

அவன் விடவில்லை.
இயர்போனில் ஒரு பக்கத்தை எனக்குக் கொடுத்தான்.
ஸ்டுடியோவில், மூன்றாவது சரணத்துக்கு முன்,
பாடுகிறவன் மூச்சிழுப்பது கேட்கிறது.
துடைக்க மறந்தார்களா
தெரிந்தே விட்டார்களா.
"எட்டாயிரம் பேர் கத்துனா
இது எங்கீங்க கேக்கும்?"
பதினாறு வருஷம் மையிலும் தின்னரிலும் நின்ற நெஞ்சு
பாடகனோடு சேர்ந்து தானும் இழுத்தது.
கொஞ்சம் விசிலடித்தது.
அந்தப் பக்கத்தைச் சிகாமணிக்குக் கொடுக்க
எனக்கு மனசில்லை.

எனக்குக் கட்சியும் இல்லை.
பேக்கிங்கில் இருக்கிறவன்
எது வந்தாலும் மடித்துப் போடுவான்.

போன மாசம் அவர்கள் பனியனே எங்களுக்கு ஆர்டர் வந்தது.
முப்பத்தெட்டாயிரம் பீஸ், கறுப்பு.
கிழவர்கள் கடைசியாக ஒரு சுற்று வருகிறார்களாம்.
முதுகில் வரிசையாக ஊரும் தேதியும், இருபத்தாறு.
ஒன்றுகூட நாங்கள் பஸ் ஏறிப் போகிற ஊர் இல்லை.
அந்தப் பன்னிரண்டு நாளும்
நாச்சிமுத்து சண்டைக்கு வரவில்லை.
மை இழுத்தான், தூக்கினான், மை இழுத்தான்.

ஒரு பீஸில் ஸ்கிரீன் அடைத்துக்கொண்டு
கடைசி ஊர் விழவில்லை.
தேதி இருக்கிறது, ஊர் இல்லை.
ஹாஜிரா அம்பு ஒட்டி
என் பக்கம் தள்ளினாள்.
சாயங்காலம் ரிஜெக்ட் மூட்டையில் தேடினேன், காணோம்.

சைரன் ஊதிவிட்டது.
நாச்சிமுத்து சட்டையின் மேல்பட்டன் இல்லாத இடத்தில்
கறுப்பாக ஏதோ தெரிகிறது.
நான் கேட்கவில்லை.
"அதுமில்லாம மேடையில
ரெண்டு மடங்கு வெசயாப் போறானுங்க,
தாளமே நிக்கறதில்ல" என்று
ரோட்டைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.